கடைசி ஒரு தகடு

ஆன்சல் ஆடம்ஸ் 1902-ல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பியானோ கலைஞராக வேண்டியவர். 1916-ல் யோசெமிட்டி போனபோது வீட்டில் ஒரு கோடாக் பெட்டிக் கேமரா வாங்கிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பனி, வசந்தம், கோடை என்று வருஷா வருஷம் அதே மலைகளைத் தேடிப் போனார்.

1927 ஏப்ரல் 10. பனியில் ஏறி ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே நின்றார். மிச்சம் இரண்டே கண்ணாடித் தகடு. மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒன்றை எடுத்த பிறகுதான் உறைத்தது: மனசில் கண்ட கறுத்த வானம் இதில் வராது. கடைசித் தகட்டுக்கு, நீல ஒளியைத் தடுக்கும் சிவப்பு ஃபில்டர். வானம் கறுத்தது, பாறை நிமிர்ந்தது!

1937-ல் இருட்டறைத் தீயில் ஏராளமான நெகடிவ்கள் போயின, இது தப்பியது. 1984-ல் அவர் மறைந்தார்.

கோடு போடுமுன் முடிவை மனசில் பார்ப்பது நம்ம தொழிலும்தானே? ஆனா, கடைசித் தகட்டை நாம் துணிந்து மாற்றிப் போடுவோமா?