முற்றத்தில் வளர்ந்த தமிழ்

நூல் பல எழுதிப் புகழ் கொண்டோர் நம் மொழியிற் பலர். உரை வகுத்துப் பெயர் நிறுத்தினோரும் பலர். நண்பரோடு கூடியிருந்து பேசியே தமிழுக்குத் தொண்டு செய்தவரோ மிகச் சிலர். அச்சிலருள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். டி. கே. சி. என்னும் மூன்றெழுத்தே அவருக்கு இயற்பெயர் போல் அமைந்துவிட்டது.

தென்காசியைத் தம் ஊராகக் கொண்ட அப்பெரியார், சட்டம் பயின்று திருநெல்வேலியில் வழக்கறிஞரானார். எனினும் வழக்குக் கட்டுக்களைக் காட்டிலும் கம்பராமாயணமே அவர் கையில் மிகுதியும் இருந்தது. 1927 முதல் 1930 வரை சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராகவும், அதன்பின் சில ஆண்டுகள் இந்து அறநிலைய ஆணையராகவும் பணியாற்றினார். அப்பதவிகளை இன்று நினைப்பவர் அரியர். நினைக்கப்படுவது அவர் வீட்டு முற்றமேயாம்.

நடுவே முற்றம் அமைந்த கட்டிடத்தைத் தொட்டிக்கட்டு என்பது நெல்லை வழக்கு. வண்ணாரப்பேட்டையில் டி. கே. சி.யின் இல்லத்து முற்றம் வட்டமாய் அமைந்திருந்தது. 1920-களில் ஞாயிறுதோறும் மாலையில் நண்பர்கள் அங்கே கூடலாயினர். இடத்தின் பெயரே கூட்டத்துக்கும் ஆகி, வட்டத்தொட்டி எனத் தமிழுலகம் அதனை அறிந்தது. வழக்கறிஞரும், ஆசிரியரும், அரசாங்க அலுவலரும், இளைஞரும் ஒருங்கே அமர்ந்த அவையது. பிற்காலத்தில் நீதிபதியாய் விளங்கிய எஸ். மகராஜனும், கோயிற் கலையை எளிய தமிழில் எழுதிய தொ. மு. பாஸ்கரத் தொண்டைமானும், ஆங்கிலப் பேராசிரியர் அ. சீநிவாசராகவனும் அவ்வட்டத்தைச் சேர்ந்தவர்களே.

அங்கு நிகழ்ந்தது சொற்பொழிவன்று. ஒரு செய்யுளை எடுத்துக்கொள்வார் டி. கே. சி. அதனை ஓசை குன்றாமல் ஒருமுறை சொல்வார், மறுபடியும் சொல்வார். எந்தச் சொல்லில் குரல் தாழ வேண்டும், எந்த இடத்தில் சற்றே நிற்க வேண்டும் என்பதெல்லாம் கேட்போர்க்குத் தாமே புலனாகும். பின்னர்ப் பேச்சு எங்கெங்கோ செல்லும். ஊர்ப்பேச்சு வரும், வேடிக்கை வரும், சிரிப்பொலி எழும், இலையில் விழுந்த தோசையின் பக்குவமும் ஆராயப்படும். இறுதியில் எல்லாம் அச்செய்யுளிடத்தே வந்து சேரும். சுவைத்தல் என்பது நாவுக்கும் செவிக்கும் உள்ளத்துக்கும் பொதுவான தொழில் என்பதை அவர் விருந்தோம்பலே உணர்த்திற்று.

பின்னாளில் குற்றாலத்தில் அவர் தங்கியபோது வட்டமும் அருவிக்கரைக்கு இடம் பெயர்ந்தது. சாரற் காலத்தில் அவ்வில்லத்துக்கு விருந்தினர் வருகை ஓய்வதில்லை. இராஜாஜியும், எழுத்தாளர் கல்கியும் அங்கு வந்து அளவளாவினர். கரிசல் நிலத்து எழுத்தாளர் கி. ராஜநாராயணன் தம் வாழ்நாள் முழுவதும் அவரை ஆசான் போலப் போற்றினார். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை அம்மலையின் அடியிலேயே அமர்ந்து கேட்கும் பேறு வந்தவர்க்கெல்லாம் வாய்த்தது.

இசையையும் கூத்தையும் அவர் இலக்கியத்தினின்று பிரித்துப் பார்த்தாரல்லர். எம். எஸ். சுப்புலட்சுமியின் பாட்டையும் பாலசரஸ்வதியின் அபிநயத்தையும் கவிதையைச் சுவைத்தவாறே சுவைத்தார். பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் சொல் விளங்காதவிடத்துப் பாவம் எவ்வாறு பிறக்கும் என்பது அவர் எழுப்பிய வினா. 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியதும், 1943-ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியதுமான அக்காலத்தில், கல்கியோடு சேர்ந்து அவ்வியக்கத்துக்கு அவர் பெருந்துணையாய் நின்றார்.

இனி, பண்டிதர் வரிசையிற் பாடங் கேட்ட என் போன்றார்க்கு அவரிடம் ஒரு வழக்கு உண்டு. கம்பர் பெயரால் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் வழங்குகின்றன. அவற்றுட் பெரும்பகுதி பிறர் இடையிற் செருகியவை எனத் தள்ளினார் டி. கே. சி.; சில இடங்களில் பாடத்தையும் திருத்தினார். அதற்கு அவர் கொண்ட சான்று ஏட்டுச் சுவடியன்று, தம் செவியே. செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் மரபில் வந்தோர் இதனை ஒப்புதல் இயலாது. ஒருவர் செவிக்கு இனியது மற்றொருவர் செவிக்கு இன்னாதாகலாம். செவி மாறும், ஏடு மாறாது. இவ்விடயத்தில் அவர் நெறி பிழைபட்டதென்றே இன்றும் கருதுகின்றேன்.

ஆயினும் வகுப்பறையில் நான் கண்டதையும் மறைத்தல் தகாது. பதவுரை, இலக்கணக் குறிப்பு, அணி என முறை தவறாமல் ஒரு செய்யுளை முடித்து நிமிர்ந்தபோது, மாணவர் கண்களில் உறக்கமே நின்றது. மறுநாள் அச்செய்யுளையே உரையொன்றும் கூறாது மெல்ல இருமுறை ஓதினேன். பின்வரிசையில் இருந்த பையனொருவன் மூன்றாம் முறையும் ஓதுமாறு கேட்டான். ஏட்டைக் காத்தவர் நம் முன்னோர். அந்த ஏட்டைக் கேட்பதற்கு ஒரு செவியை ஆக்கித் தந்தவர் டி. கே. சி. இரண்டிலொன்று குறையினும் இலக்கியம் வாழாது.

அவருடைய சுவையுணர்வு பொழுதுபோக்கு அன்று என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும். தம் அருமை மைந்தரை அவர் இளவயதிலேயே இழந்தார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இரங்கற்பா ஒன்றை எழுதி அனுப்பினார். மகனை இழந்த துயரினிடையேயும் அப்பாட்டின் அழகில் அவர் உள்ளம் தோய்ந்து ஆறுதல் பெற்றதென்பர். இன்பக் காலத்தில் நகைத்துச் சுவைத்த கவிதையே துன்பக் காலத்தில் அவருக்கு ஊன்றுகோலாயிற்று. அவ்வாறு துணை நில்லாத கல்வியாற் பயன் யாது?

1954 பெப்ரவரி 16-ல் டி. கே. சி. மறைந்தார். அவ்வாண்டு செப்டெம்பரிற் கவிமணியும், டிசம்பரிற் கல்கியும் அவரைத் தொடர்ந்தனர். இதய ஒலி, கம்பர் யார்? முதலிய நூல்களும், முத்தொள்ளாயிரப் பதிப்பும், நண்பர்க்கு எழுதிய கடிதங்களும் எஞ்சியுள்ளன. அவற்றைப் படிப்போர் அவர் பேச்சின் சாயலையே காண்பர். பேச்சு காற்றோடு கலந்துவிட்டது.

ஆனால் முற்றங்கள் இன்னும் உள்ளன. ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, வரும் ஞாயிறு மாலையில் நால்வர் கூடுங்கள். தலைவர் வேண்டா, மாலை மரியாதை வேண்டா. ஒரு செய்யுளை எடுத்து வாய்விட்டு ஓதுங்கள். தேநீரும் சிரிப்பும் உடன் இருக்கட்டும். ரசிகமணிக்கு நாம் எடுக்கத்தக்க விழா அதுவே.