மனிதக் குரலை அலைமேல் ஏற்றியவர்: றெஜினால்ட் பெசன்டன்

வானொலி என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் வரும் பெயர் மார்க்கோனி. பாடசாலையில் நாம் படித்ததும் அதுவே. அதிற் பிழையில்லை. கம்பியின்றிச் செய்தி அனுப்பும் கலையை உலகளாவிய தொழிலாக வளர்த்தவர் அவரே. ஆயினும் மார்க்கோனி அந்நாளில் அனுப்பியவை தந்திக் குறிகளே. மனிதக் குரல் அன்று. குரலையும் இசையையும் அலைமேல் ஏற்றி அனுப்பலாம் என்று பிடிவாதமாக நம்பி, அதனைச் செய்தும் காட்டியவர் வேறொருவர். அவர் பெயர் றெஜினால்ட் ஒப்ரி பெசன்டன். மத்திய அலையிலே செய்தியும் பாட்டும் கேட்டு வளர்ந்த நாம் இம்மனிதரின் வரலாற்றை அறிந்திருப்பது தகும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஈஸ்ற் போல்ற்றன் என்னும் சிற்றூரில் 1866ஆம் ஆண்டு ஒக்ரோபர் 6ஆம் திகதி பெசன்டன் பிறந்தார். தந்தையார் அங்கிலிக்கன் சபைக் குருவானவர். நான்கு ஆண்மக்களில் இவரே மூத்தவர். கணிதத்தில் இளமையிலேயே வல்லவர். லெனொக்ஸ்வில் நகரிலே தாம் மாணவராய் இருந்த காலத்திலேயே இளைய மாணவருக்குக் கணிதம் படிப்பித்தார். ஆனால் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறிப் பெர்மியூடாத் தீவிலுள்ள ஒரு பள்ளிக்கு ஆசிரியராகச் சென்றார். அங்கே சந்தித்த ஹெலன் ட்ரொற் என்பவரையே பின்னர் 1890இல் மணந்தார்.

1886இல் அவர் நியூயோர்க் நகருக்குப் போனார். தோமஸ் எடிசனிடம் வேலை செய்ய வேண்டும் என்பதே அவர் ஆசை. மின்சாரத்தைப் பற்றி முறையாக ஏதும் படித்திராத இளைஞனுக்கு முதலில் இடம் கிடைக்கவில்லை. அவர் விடாமல் கேட்டு, வீதியோரத்தில் நிலத்தடி மின்கம்பி பதிக்கும் இடத்திலே ஒரு சிறு வேலையைப் பெற்றார். அங்கிருந்து படிப்படியாக உயர்ந்து எடிசனின் ஆய்வுகூடத்துக்கே வந்து சேர்ந்தார். 1890இல் எடிசனுக்குப் பணமுடை ஏற்பட்டபோது வேலை போயிற்று. ஆனால் கற்றது போகவில்லை. பட்டமில்லாத அந்த மனிதர் 1892இல் பேர்டியூ பல்கலைக்கழகத்திலும், மறு ஆண்டு பிற்ஸ்பேர்க் நகரின் பல்கலைக்கழகத்திலும் மின்பொறியியற் பேராசிரியராக அமர்ந்தார்.

அக்காலத்தில் கம்பியில்லாத் தந்தி தீப்பொறியினால் நடைபெற்றது. இரு உலோகக் குமிழ்களுக்கிடையே பெரிய மின்பொறி ஒன்று பாயும். அதிலிருந்து ஓர் அலை எழுந்து, உடனே தேய்ந்து மறையும். அடுத்த பொறி, அடுத்த அலை. இப்படி விட்டுவிட்டு எழும் அலைகளைக் கொண்டு புள்ளியும் கோடுமாகத் தந்தி அடிக்கலாம். குரலை அனுப்ப முடியாது. கையைத் தட்டித் தட்டிச் சைகை காட்டலாம். கைதட்டலாற் பாட்டுப் பாட இயலுமா? பாட்டுக்குச் சுருதி வேண்டும். சுருதிப்பெட்டியின் நாதம்போல் இடையறாது, ஒரே சீராக ஓடும் அலையொன்று முதலில் இருந்தாலே குரலை அதன்மேல் ஏற்றலாம். இதுவே பெசன்டனின் மூலக் கருத்து.

குரல் உயரும்போது அலையின் வீச்சுப் பெருக வேண்டும். குரல் தாழும்போது வீச்சுச் சுருங்க வேண்டும். அப்படி ஆடுகின்ற அலை தூரத்து வாங்கியை அடைந்து மீண்டும் குரலாகும். வீச்சுப் பண்பேற்றம் என்று இன்று நாம் கூறுவது இதனையே. குரலைக் காவிச் செல்வதால் அச்சீரான அலைக்குக் காவியலை என்று பெயர். அக்காலப் பேரறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. சடுதியான பொறியின் அதிர்ச்சி இன்றி அலை வெளியேறாது என்றே அவர்கள் எண்ணினர். மார்க்கோனியின் ஆலோசகராயிருந்த பேராசிரியர் பிளெமிங்கும் அவர்களில் ஒருவர்.

1900இல் பெசன்டன் அமெரிக்க வானிலைத் திணைக்களத்தில் சேர்ந்தார். மேரிலாந்து மாநிலத்தில் பொற்றோமக் ஆற்றிலுள்ள கொப் தீவில் அவருடைய பரிசோதனைகள் நடந்தன. சீரான அலையைப் பிறப்பிக்கும் இயந்திரம் இன்னும் கையிலில்லை. ஆகவே செக்கனுக்கு ஏறத்தாழ 10,000 பொறிகளை எழுப்பி, விட்டுவிட்டு வரும் அலைகளை இயன்றவரை நெருக்கிப் பார்த்தார். அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் திகதி, ஏறத்தாழ ஒரு மைல் தூரத்திலிருந்த தம் உதவியாளரிடம் அங்கே பனி பெய்கிறதா என்று ஒலிவாங்கியின் முன் நின்று கேட்டார். ஆமெனத் தந்தியில் மறுமொழி வந்தது. இரைச்சல் மிகுதியாயினும் சொல் விளங்கியது. கம்பியில்லாமல் வானலையிலே சென்ற முதற் குரல் என்று இதனைக் கொள்வர்.

வெற்றியோடு வில்லங்கமும் வந்தது. திணைக்களத் தலைவர் வில்லிஸ் மூர், கண்டுபிடிப்புகளின் காப்புரிமையிற் பாதியைத் தமக்குத் தரும்படி கேட்டார் என்பது பெசன்டனின் முறைப்பாடு. அவர் இணங்கவில்லை. ஜனாதிபதி றூஸ்வெல்ற்றுக்கும் முறையிட்டுப் பயன் காணாது, 1902இல் அரச வேலையை விட்டு வெளியேறினார். அவ்வாண்டே பிற்ஸ்பேர்க் செல்வந்தர் இருவர் முதலிட, புதிய கம்பனி ஒன்று உருவாயிற்று. மாசச்சூசெற்ஸ் கடற்கரையிலே பிரான்ற் றொக் என்னுமிடத்தில் 420 அடி உயரக் கோபுரம் எழுந்தது. அதற்கு இணையான இன்னொன்று ஸ்கொத்லாந்தின் மக்ரிஹானிஷ் கரையில் எழுந்தது. 1906 ஜனவரியில் இரு கரைகளுக்கும் இடையே தந்திச் செய்தி போயும் வந்தும் இயங்கியது. ஆனால் அவ்வாண்டு டிசம்பரில் ஸ்கொத்லாந்துக் கோபுரம் சரிந்து வீழ்ந்தது. பல்லாண்டு முயற்சி ஒரு நாளில் மண்ணாயிற்று.

எனினும் அவர் நெடுங்காலம் எதிர்பார்த்திருந்த இயந்திரம் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டது. அதிவேகமாகச் சுழலும் ஆடலோட்ட மின்பிறப்பாக்கி ஒன்றினாலேயே அலையை நேரடியாகப் பிறப்பிக்கலாம் என்பது அவர் திட்டம். வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 அல்லது 60 தடவை ஆடும். இவர் கேட்டதோ பல்லாயிரம் தடவை. ஜெனரல் இலெக்றிக் கம்பனியின் பொறியியலாளர் ஏர்ண்ஸ்ற் அலெக்சாண்டர்சன் முயன்று, செக்கனுக்கு 50,000 அளவில் ஆடும் மின்பிறப்பாக்கியை 1906இல் அமைத்துக் கொடுத்தார். அதன் வலு ஒரு கிலோவாற்றுக்கும் குறைவு. ஆனால் அதன் அலை சுத்தமானது, இடையறாதது.

இனி, அதன்மேற் குரலை ஏற்றுவது எப்படி? பெசன்டன் கண்ட வழி மிக எளியது. மின்பிறப்பாக்கியிலிருந்து அன்ரனாவுக்குச் செல்லும் பாதையிலேயே கரி ஒலிவாங்கியை வைத்தார். பேசும்போது கரித்துகள்கள் நெருங்கியும் தளர்ந்தும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தன. அலையும் குரலுக்கேற்ப ஆடியது. ஆனால் அன்ரனாவின் மின்னோட்டம் முழுவதும் ஒலிவாங்கிக்கூடாகவே ஓட வேண்டியிருந்தது. சாதாரண ஒலிவாங்கி கருகிவிடும். ஆகவே நீரைச் செலுத்திக் குளிரச் செய்யும் ஒலிவாங்கியை அமைத்தார். அப்போதும் எல்லையொன்று இருந்தது. இயந்திரம் எவ்வளவு வலுவைத் தந்தாலும், ஒலிவாங்கி தாங்கக்கூடிய வலுவையே பேச்சுக்குப் பயன்படுத்தலாம். வலு மட்டும் போதாது. அவ்வலுவைக் குரலுக்குக் கீழ்ப்படியச் செய்யும் வழியும் வேண்டும் என்பதை வானொலி உலகம் அன்றே கண்டுகொண்டது.

1906 டிசம்பர் 21ஆம் திகதி அறிஞரையும் பத்திரிகையாளரையும் அழைத்து, பிரான்ற் றொக்கிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீற்றர் தூரத்திலுள்ள பிளிமத் நகருக்குப் பேச்சையும் இசைத்தட்டையும் அனுப்பிக் காட்டினார். தொலைபேசித் தொழிலாளர் படிக்கும் சஞ்சிகையொன்றில் மறு ஆண்டுத் தொடக்கத்தில் இது விரிவாக வெளிவந்தது.

இதற்கு மூன்று நாட்களின் பின் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியே உலகெங்கும் புகழ்பெற்றது. நத்தார் முன்னிரவில் பெசன்டன் கடலிலிருந்த கப்பல்களுக்காக இசைத்தட்டை ஒலிக்கச் செய்து, தாமே வயலின் வாசித்து, பாலன் பிறப்பைக் கூறும் நற்செய்திப் பகுதியையும் அனுப்பினார் என்பர். கேட்க இனிமையான வரலாறு. ஆனால் இதற்குரிய சான்று, நிகழ்ச்சிக்கு 25 ஆண்டுகளின் பின், 1932இல் அவர் தமது நண்பருக்கு எழுதிய கடிதமே. நூற்றாண்டு நிறைவையொட்டி 2006 அளவில் ஆராய்ந்தவர்களுக்கு அக்காலக் கப்பற் குறிப்புகளிலோ பத்திரிகைகளிலோ இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. முதியவரின் நினைவு டிசம்பர் 21ஆம் திகதியை நத்தார் இரவோடு கலந்திருக்கலாம் என்பார் சிலர். நடந்தே இருக்கும் என்பார் வேறு சிலர். நத்தார்க் காலத்தில் நாம் விரும்பிச் சொல்லும் கதை என்பதற்காக ஐயத்தை மறைப்பது அம்மனிதருக்குச் செய்யும் மரியாதையாகாது. சான்றோடு நிற்கும் டிசம்பர் 21 ஒன்றே அவர் புகழுக்குப் போதும்.

பெசன்டன் எளிதிற் பழகத்தக்கவர் அல்லர். சினமும் பிடிவாதமும் உடையவர். தம் கருத்துக்கு மாறானதைப் பொறுக்கமாட்டார். முதலிட்டவர்களோடும் பிணக்கு முற்றியது. 1911 ஜனவரியில் அவருடைய கம்பனியே அவரை வெளியேற்றியது. வழக்குகள் தொடர்ந்தன. அவருடைய காப்புரிமைகள் கைமாறிப் பெரிய கம்பனிகளைச் சென்றடைந்தன.

அவர் சோர்ந்திருக்கவில்லை. 1912இல் டைற்றானிக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்கிய துயரம் எல்லார் மனத்தையும் உலுக்கியிருந்தது. நீருக்கடியில் ஒலியெழுப்பி, எதிரொலியால் ஆபத்தை அறியும் கருவியைப் பெசன்டன் ஆக்கினார். 1914 ஏப்ரலில் மயாமி என்ற அரச கப்பலிலிருந்து நியூபவுண்லாந்துக் கடலில் அதனைச் சோதித்தார். ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்திலிருந்த பனிமலையின் எதிரொலி வந்தது. கடலின் ஆழமும் அக்கருவியால் தெரிந்தது. கடலோடிகளின் உயிர் காத்த இப்பணி அவரது வானொலிப் பணிக்குச் சற்றும் குறைந்ததன்று.

இதற்கிடையில் வானொலிக்கு வால்வு வந்தது. 1915இல் அமெரிக்காவின் ஆர்லிங்ரன் நிலையத்தில் 500க்கு மேற்பட்ட வால்வுகளை ஒன்றுசேர்த்துப் பாரிஸ் நகரும் ஹொனலூலுவும் கேட்கும்படி பேசினார்கள். ஒலிவாங்கியின் பழைய தளை அறுந்தது. சிறு மின்னோட்டத்தைத் தரும் ஒலிவாங்கியே போதும். அதன் குறியை வால்வுகள் பெருக்கி, பெருவலுவுள்ள அலையை ஆட்டிவைத்தன. றேமண்ட் ஹைசிங் என்ற பொறியியலாளர் வகுத்த முறை பண்பேற்றத்திற்குப் பெயர்பெற்றது. வீட்டிலே கருவி கட்டிய அமெச்சூர் வானொலியாளரும் அதனையே கைக்கொண்டனர்.

அவர்களுக்கும் பெசன்டனின் பாடமே மீண்டும் வந்தது. காவியலையின் கடைசி வால்வுக்கு 100 வாற்று ஊட்டினால், அதனை முழுமையாகப் பண்பேற்ற 50 வாற்றுக் குரல்வலு வேண்டும். குரல் உச்சத்தை எட்டும் கணத்தில் அலையின் வலு காவியலையின் வலுவைப்போல் நான்கு மடங்காகும். அதற்குமேல் ஏற்றினால் அலை இடையில் அறுந்து, சொல் சிதைந்து, பக்கத்து அலைவரிசையில் இருப்பவரையும் குழப்பும். மிகக் குறைவாக ஏற்றினாலோ, எவ்வளவு வலு இருந்தும் குரல் மெலிந்தே கேட்கும். 200 வாற்றை அரைகுறையாகப் பண்பேற்றியவரைவிட, 50 வாற்றை ஒழுங்காகப் பண்பேற்றியவரின் பேச்சே தெளிவாகக் கேட்டதுண்டு.

முழுமையாகப் பண்பேற்றிய ஒரே சுருதியிலும் மூன்றிலிரு பங்கு வலு காவியலையிலேயே செலவாகிறது. இதனால் 1950களிலும் 1960களிலும் அமெச்சூர்களிற் பெரும்பாலோர் காவியலையை நீக்கிய ஒற்றைப் பக்கப்பட்டை முறைக்கு மாறினர். எனினும் பழைய முறையை விடாதோரும் உண்டு. அமெரிக்காவில் 1990 முதல் உச்ச வலு 1,500 வாற்று என்ற வரம்பு அவர்களுக்கும் பொருந்தியது. உச்சம் நான்கு மடங்கு என்பதால், முழுப் பண்பேற்றத்தில் அவர்களுடைய காவியலை 375 வாற்றுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. அந்த வரம்புக்குள்ளும் அவர்கள் இனிய குரலோடு பேசி வருகிறார்கள்.

பெசன்டனுக்குச் சேரவேண்டிய நீதி மெல்லவே வந்தது. 1921இல் வானொலிப் பொறியியலாளர் நிறுவகம் தன் உயர் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. 1928இல் வானொலிக் கம்பனிகளோடு வழக்குத் தீர்ந்து 500,000 டொலர் கிடைத்தது. அதில் 200,000 டொலர் சட்டத்தரணிகளுக்குப் போயிற்று. 200க்கு மேற்பட்ட காப்புரிமைகளைத் தேடிய மனிதர், இளமையில் ஆசிரியராக வாழ்ந்த பெர்மியூடாவுக்கே மனைவியோடு திரும்பினார். அங்கே 1932 ஜூலை 22ஆம் திகதி, 65ஆம் வயதில் காலமானார். சென்ற் மார்க்ஸ் ஆலயச் சேமக்காலையில் அவர் உடல் துயில்கிறது. கணவரின் பெயர் மறைந்துவிடக்கூடாதென்று ஹெலன் அம்மையார் அவருடைய வரலாற்றை எழுதி 1940இல் நூலாக வெளியிட்டார்.

கூட்டாளிகளோடு ஒத்துப்போகத் தெரியாமையால் அவர் இழந்தவை பல. ஆனால் அறிஞர் மறுத்தபோதும், கோபுரம் சரிந்தபோதும், கம்பனி கைவிட்டபோதும், சீரான அலை பற்றிய தம் கருத்தை அவர் கைவிடவில்லை. பெரும் பொறிகளின் முழக்கத்தைவிட ஒரு சிறிய, இடையறாத அலையே மனிதக் குரலைத் தூரத்துக்குக் காவிச் செல்லும் என்று அவர் கண்டது மெய்யாயிற்று. மத்திய அலையிலே ஒரு குரலைக் கேட்டவர் எவரும் அவருக்குக் கடன்பட்டவரே.