'அறிவு' என்று பட்டப்பெயர் வாங்கியவர்

வகுப்பில் நாம நெட்டை, சோடாபுட்டி என்று பட்டப்பெயர் வைக்கிறோம் இல்லையா? சுமார் 2,400 வருஷத்துக்கு முன்னாடி ஏதென்ஸ் நகரத்து மக்கள் ஒருத்தருக்கு வைத்த பட்டப்பெயர் 'நூஸ்'. கிரேக்க மொழியில் அதற்கு அறிவு என்று அர்த்தம். பாராட்டா, கிண்டலா? ரெண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அவர் அனக்சாகரஸ். கி.மு. 500 வாக்கில், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த கிளாசோமினே என்ற ஊரில் பிறந்தார். குடும்பச் சொத்தைச் சொந்தக்காரர்களிடம் விட்டுவிட்டு வானத்தை ஆராயப் போய்விட்டாராம்! பிறகு ஏதென்ஸ் வந்து, பெரிய தலைவரான பெரிக்ளிசுக்கு நண்பரும் ஆசானும் ஆனார்.

உலகத்துப் பொருளெல்லாம் முதலில் ஒன்றாகக் கலந்து கிடந்தது, அதைச் சுழற்றிப் பிரித்தது எதோடும் கலக்காத நூஸ்தான் என்று எழுதினார். பட்டப்பெயர் வந்தது இப்படித்தான்.

அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். ஹோமரின் காவியங்களில் அது 'நோ-ஒஸ்' என்று இரண்டு அசையாக வரும். ஏதென்ஸ்காரங்க பேச்சில் இரண்டும் ஒட்டி 'நூஸ்' ஆச்சு. நம்ம 'அறிவு' அஃறிணை. அவங்க இலக்கணத்தில் நூஸ் ஆண்பால்! வேற்றுமைக்கு ஏற்ப முடிவு மாறும்: 'நூன்' என்றால் அறிவை, 'நூ' என்றால் அறிவினுடைய. வேர்ச்சொல் எது என்பதில் மட்டும் அறிஞர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை.

சூரியனைத் தெய்வமாகக் கும்பிட்ட காலத்தில், அது பழுக்கக் காய்ந்த கல் என்றார் அனக்சாகரஸ். சூரியன் கல் இல்லை என்று இப்ப நமக்குத் தெரியும். ஆனால் சந்திரனுக்கு வெளிச்சம் சூரியனிடமிருந்து வருகிறது, நடுவில் பூமி வந்தால் சந்திர கிரகணம் என்றும் சொன்னாரே, அது நம்ம அறிவியல் புத்தகத்தில் இருப்பதேதான்.

தெய்வ நிந்தனை என்று வழக்குப் போட்டாங்க. பெரிக்ளிசின் எதிரிகளுக்கு அது நல்ல சாக்கு. உயிருக்கே ஆபத்து. பெரிக்ளிஸ் துணை நின்றும், ஏதென்ஸை விட்டே போக வேண்டியதாயிற்று. லாம்ப்சாகஸ் என்ற ஊர் அவரை மரியாதையோடு ஏற்றுக்கொண்டது. கி.மு. 428 வாக்கில் அங்கேயே இறந்தார்.

கடைசி ஆசை என்னன்னு ஊர்ப் பெரியவங்க கேட்டாங்களாம். சிலை கேட்கலை, கோயில் கேட்கலை. தான் இறக்கும் மாதத்தில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு லீவு விடச் சொன்னாராம்! அந்த வழக்கம் அங்கே ரொம்ப காலம் நடந்ததாகப் பழைய நூல்கள் சொல்கின்றன.

தலைமையாசிரியர் ஐயா இந்தக் கடைசிப் பத்தியைக் கட்டாயம் படிக்கணும்.