டே நதிப் பாலம் கட்டிய தாமஸ் பவுச்

புகழின் உச்சியில் இருந்த ஒருவரை ஒரே இரவில் வீழ்த்திய பாலத்தின் கதை இது.

தாமஸ் பவுச் 1822-ம் ஆண்டு இங்கிலாந்து நாட்டில் தர்ஸ்பி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கப்பல் தலைவராக இருந்தவர். தமது 17-ம் வயதில் இரயில் பாதை அமைக்கும் பணியில் சேர்ந்த பவுச், விரைவிலேயே சிறந்த பொறியாளரானார். ஸ்காட்லாந்தில் ஃபோர்த் நதியின் முகத்துவாரத்தைக் கடக்கப் பாலம் இல்லாத காலத்தில், சரக்கு இரயில் பெட்டிகளை அப்படியே கப்பலில் ஏற்றி அக்கரை சேர்க்கும் முறையை 1850-ல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார். குறைந்த செலவில் வேலையை முடிப்பவர் என்றும் பெயர் பெற்றார்.

அவருடைய பெருங்கனவு, டண்டீ நகருக்கு அருகே டே நதியின்மேல் ஒரு பாலம். 1871-ல் தொடங்கிய வேலை முடிந்து, 1878 ஜூன் முதல் நாள் பயணிகள் வண்டி ஓடியது. ஏறத்தாழ இரண்டு மைல் நீளமுள்ள அதுவே அன்று உலகின் மிக நீளமான பாலம். மறு ஆண்டு விக்டோரியா மகாராணியார் அதன் வழியே பயணம் செய்து, பவுச்சுக்கு ஸர் பட்டம் வழங்கினார்.

ஆறே மாதங்கள் சென்றன. 1879 டிசம்பர் 28, ஞாயிறு. இரவு ஏழேகால் மணியளவில், கடும் புயலில் ஒரு இரயில் பாலத்தின்மேல் சென்றது. நடுவில் இருந்த உயரமான 13 கண்களும் வண்டியோடு ஆற்றில் சரிந்தன. ஒருவரும் பிழைக்கவில்லை. இறந்தவர் 75 பேர் என்று அன்று கணக்கிட்டனர். பெயர் தெரிந்தவர்கள் 59 பேர்.

விசாரணையில் உண்மைகள் வெளிவந்தன. காற்றின் வேகத்தைத் தாங்குவதற்கென்று பவுச் தனியே கணக்கிடவில்லை. தூண்களுக்கான வார்ப்பிரும்பில் இருந்த துளைகளைத் தேன்மெழுகும் இரும்புத்தூளும் கலந்து அடைத்திருந்தார்கள். பூசி மெழுகுவது என்று நாம் சொல்வது அங்கே உண்மையாகவே நடந்தது! பாலத்தைக் கண்காணித்தவர் இரும்பு வேலையில் பழக்கமில்லாதவர். தூண்களைப் பிணைக்கும் கம்பிகள் தளர்ந்திருப்பதைக் கண்டு, இரும்புத் துண்டுகளைச் செருகிச் சரிக்கட்டினாரே தவிர, அதைப் பவுச்சிடம் தெரிவிக்கவில்லை. எனினும் பெரும் பொறுப்பு பவுச்சின்மேலேயே விழுந்தது. மனமுடைந்த அவர் 1880 அக்டோபர் 30-ம் நாள், 58-ம் வயதில் காலமானார்.

ஃபோர்த் நதிக்கு அவர் வகுத்திருந்த பாலத் திட்டம் கைவிடப்பட்டது. அதன் பிறகு, சதுர அடிக்கு 56 பவுண்டு காற்றழுத்தத்தைத் தாங்கும்படி பாலங்களை அமைக்க வேண்டுமென்று பிரிட்டிஷ் அரசு விதித்தது. அவ்விதிப்படி வேறு பொறியாளர்கள் எஃகினால் கட்டி 1890-ல் திறந்த ஃபோர்த் பாலம் இன்றும் அசையாமல் நிற்கிறது. டே நதியிலும் 1887-ல் புதிய பாலம் வந்தது. அதன் அருகே பழைய தூண்களின் அடிப்பாகங்கள் இன்றும் நீருக்குமேல் தெரிகின்றன.

தோழியரே, அந்தப் பாலத்தை வீழ்த்தியது புயல் மட்டுமன்று. மறைக்கப்பட்ட சிறு துளைகளும், சொல்லாமல் விட்ட சிறு குறைகளும் சேர்ந்தே அதை வீழ்த்தின. சிறிய காரியங்களில் உண்மையாயிருக்க நம் ஆண்டவர் கற்பித்ததை மறவாதிருப்போம். கண்ட குறையைத் தயங்காமல் எடுத்துச் சொல்வோம்.