மயிலாடி தந்த மகாராசன் வேதமாணிக்கம்

தமிழகத்தின் தென்கோடியில், கன்னியாகுமரிக்கும் நாகர்கோவிலுக்கும் இடைப்பட்ட பகுதியில் மயிலாடி என்னும் ஊர் உள்ளது. இன்று கற்சிற்பத் தொழிலால் புகழ்பெற்றுள்ள அவ்வூர் அந்நாளில் திருவிதாங்கூர் மன்னராட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்கே சாம்பவர் குலத்தில் 18-ஆம் நூற்றாண்டில் தோன்றியவரே மகாராசன். பெயரோ மகாராசன், வாழ்ந்த நாடோ அக்குலத்தார் பொது வீதியில் நடக்கவும், குடை பிடிக்கவும், காலில் செருப்பணியவும் தடை விதித்திருந்த நாடு. கூலியின்றி அரசுக்கு உழைக்க வேண்டிய ஊழியமும் தலைவரியும் அவர்கள்மேல் சுமத்தப்பட்டிருந்தன. அடிமைகளை விற்பதும் வாங்குவதும் அங்கே சட்டத்திற்கு உட்பட்ட செயல்களாகவே இருந்தன. அடிமை முறை அந்நாட்டில் ஒழிந்தது 1855-இல்தான்.

மகாராசன் இளமை முதலே ஆழ்ந்த பக்தியுடையவர். தில்லைக் கூத்தனைக் காண வேண்டுமென்ற வேட்கையால் தம் மருமகன் சிவகுருநாதனை உடன் அழைத்துக்கொண்டு அவர் சிதம்பரத்திற்கு நடைப்பயணம் புறப்பட்டார். செல்லும் வழி 500 கிலோமீட்டருக்குக் குறையாது. திருப்பத்தூர்ச் சந்தைக்கு நம் மலையிலிருந்து நடந்தே இறங்கி ஏறிய முதியோரைக் கேட்டால், அத்தகைய நடை எத்தன்மையது என்பது ஒருவாறு விளங்கும். சிதம்பரம் என்றவுடன் நந்தனார் வரலாறு நம் நினைவுக்கு வருவது இயல்பே. நந்தனாரைப் போலவே மகாராசனும் தில்லையை நாடிச் சென்றார்; ஆயினும் அங்கே அவர் மனம் அமைதி பெறவில்லை. கனவில் பெரியவர் ஒருவர் தோன்றித் திரும்பிச் செல்லப் பணித்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கனவைப் பற்றி நாம் வாதாட வேண்டுவதில்லை. தில்லையிலிருந்து அவர் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் நிகழ்ந்ததே அவர் வாழ்வை மாற்றியது.

அந்நாளில் தஞ்சையில் கோலாப் ஐயர் சமயத் தொண்டு புரிந்து வந்தார். ஜெர்மானிய மரபினராயினும் அவர் தரங்கம்பாடியிலேயே பிறந்தவர். தஞ்சை மன்னரின் மதிப்பைப் பெற்றிருந்த சுவார்ட்ஸ் ஐயரால் மகனைப் போல் வளர்க்கப்பட்டுப் பணியில் பழக்கப்பட்டவர். 1798-இல் சுவார்ட்ஸ் மறைந்த பின்னரும் அவர் தொடங்கிய பணி தளரவில்லை. அதனைத் தாங்குவதற்கு ஒருவரை முன்னரே ஆயத்தப்படுத்தி வைத்திருந்தார் அவர். இச்செய்தியை இளைஞர்கள் கருத்திற்கொள்ள வேண்டுகிறேன். மகாராசனின் வரலாறும் இதே வழியில்தான் செல்கிறது. கோலாப் ஐயரின் போதனையைக் கேட்ட மகாராசன் அதனை ஏற்று, 1799-ஆம் ஆண்டையொட்டி ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்னும் பெயர் பூண்டார். தமிழ் வேதப் புத்தகத்துடன் அவர் ஊர் திரும்பினார்.

ஊரில் அவருக்கு வழிகாட்டக் குருவானவர் எவருமில்லை. கூடித் தொழுவதற்கு ஆலயமுமில்லை. தாம் கற்றதைத் தம் இல்லத்தாருக்கும் உறவினருக்கும் அவரே படித்துக் காட்டினார். ஐயம் கேட்டவர்களுக்குத் தமக்குத் தெரிந்த அளவில் விளக்கம் தந்தார். சிலர் இணங்கினர், சிலர் பகைத்தனர். முதலில் வந்து பின்னர் அஞ்சி விலகியவர்களும் உண்டு. துன்பம் மிகுந்தபோது ஊரையே துறந்து தஞ்சைப் பக்கம் குடிபெயர்ந்து விடலாமா என்ற எண்ணமும் அச்சிறு கூட்டத்தாரிடையே எழுந்தது. வேதமாணிக்கம் மீண்டும் கோலாப் ஐயரிடம் சென்று முறையிட்டார். இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே ஐயர் 1804-இன் இறுதியில் தரங்கம்பாடிக்கு வந்திருந்தார். மயிலாடிக்கு வருமாறு வேதமாணிக்கம் அவரை வேண்டிக்கொண்டார்.

தென்திருவிதாங்கூர்ச் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் வரலாற்றைப் பலர் 1806-இல் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாட்டினுள் நுழைந்ததிலிருந்தே தொடங்குகின்றனர். அது முறையன்று என்பது என் கருத்து. அவர் வருமுன் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் மயிலாடியில் விளக்கேற்றி வைத்திருந்தவர் நம் வேதமாணிக்கம். அழைத்தவர் இங்குள்ளவர், அழைப்பிற்கிணங்கி வந்தவரே அயல்நாட்டார்.

ஆலயம் கட்டுவதற்கு அரசின் அனுமதி எளிதில் கிட்டவில்லை. ஆங்கிலேயப் பிரதிநிதி கர்னல் மெக்காலே உதவ முன்வந்தபோதும் திவான் வேலுத்தம்பியின் காலத்தில் அது கைகூடவில்லை. வேலுத்தம்பி ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்த நாட்களில் கிறிஸ்தவர்கள் அச்சத்துடன் மறைந்து வாழ நேர்ந்தது. கலகம் அடங்கிய பின் 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. பள்ளி ஒன்றும் அங்கே தொடங்கப்பெற்றது. அப்பள்ளியின் வழித்தோன்றலே நாகர்கோவிலில் உள்ள ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. எழுத்தறிவு மறுக்கப்பட்ட குலத்தார் வாழ்ந்த குடியிருப்பிலிருந்து ஒரு கல்லூரியின் வரலாறு தொடங்குகிறது என்பதை, கல்விக்கென்றே சங்கம் அமைத்து வெள்ளி விழாக் காணும் நாம் பெருமையுடன் எண்ணலாம்.

ரிங்கல்தௌபே எளிமையே உருவானவர். தமக்கு வந்த பணத்தையும் பிறருக்கே செலவிட்டவர். மயிலாடியைத் தொடர்ந்து தாமரைகுளம், புத்தளம், ஈத்தாமொழி முதலிய ஊர்களிலும் சபைகள் தோன்றின. ஒரு குருவானவர் இத்தனை ஊர்களையும் எங்ஙனம் கவனிக்க இயலும்? இங்குதான் வேதமாணிக்கத்தின் பணி விளங்குகிறது. அவர் உபதேசியாராக அமர்ந்து அச்சபைகளிடையே உழைத்தார். உபதேசியார் என்பவர் தம் மக்களிடையே தங்கி, ஓய்வுநாளில் அவர்களைக் கூட்டி, வேதத்தைப் படித்துக் காட்டி, நோயாளிகளை விசாரித்து, புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் சொல்லி, பூசலிட்டவர்களைச் சமாதானப்படுத்துபவர். அயல்நாட்டார் ஆண்டிற் பலமுறை வந்து போனாலும் அன்றாடம் உடனிருந்து ஒருவனை உருவாக்குவது உபதேசியாரின் வேலையே. சமய நூல்கள் இதனைச் சீடத்துவம் என்று உயர்வாக வழங்கும். நடைமுறையிலோ இது மிகுந்த பொறுமையை வேண்டும் வேலை. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வரும் எனக்கு இது நன்கு தெரியும்.

1816-இன் தொடக்கத்தில் உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே திருவிதாங்கூரை விட்டுப் புறப்பட்டார். இலங்கை வழியாகக் கிழக்கு நோக்கிப் பயணமான அவருடைய முடிவு இன்றுவரை துலங்கவில்லை. புறப்படுமுன் அவர் சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். வேறொரு மிஷனெரி வந்து பொறுப்பேற்க ஏறத்தாழ ஈராண்டுகள் ஆயின. தொடுதலே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர், பல ஊர்ச் சபைகளையும் பள்ளிகளையும் அந்த ஈராண்டுகளும் மேற்பார்வையிட்டார். மேய்ப்பன் போன பின் மந்தை சிதறும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்திருப்பர். சபைகள் சிதறவில்லை, ஊர்தோறும் பிறருக்குக் கற்பிக்கத் தகுந்தவர்கள் இருந்தார்கள்.

1818-இல் சார்லஸ் மீட் ஐயர் வந்தபோது நிலைத்து நின்ற சபைகளே அவரை வரவேற்றன. தலைமையிடம் நாகர்கோவிலுக்கு மாறியது. 1820-இல் அங்கே அச்சுக்கூடம் அமைந்தது. பல்லாயிரம் மக்கள் சபையில் சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வேறு குலத்தார். வேதமாணிக்கமும் அவரைச் சார்ந்தோரும் தாங்கள் முந்தி வந்தவர்கள் என்று வாயிலை அடைத்துக்கொள்ளவில்லை. ஆனால் குலவேற்றுமை சபைக்குள்ளும் நுழையாமலிருக்கவில்லை. மீட் ஐயர் 1852-இல் பறையர் குலத்தில் பிறந்த கிறிஸ்தவப் பெண்ணொருவரை மணந்தபோது உடன் ஊழியர்களே அதனை ஏற்கவில்லை. அவர் மிஷனிலிருந்து விலக நேர்ந்தது. ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதற்குப் போதனை மட்டும் போதவில்லை என்பதை அந்நிகழ்ச்சி காட்டிவிட்டது.

அதனைக் காண வேதமாணிக்கம் உயிருடன் இல்லை. அவர் 1827-இல் மறைந்தார். மயிலாடியில் இன்றுள்ள ஆலயம் ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் என்னும் இருவர் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது.