சிவனொளிபாதம் கண்ட இபுனு பதூதா

ஹட்டன், மஸ்கெலியாப் பகுதிகளிலே கற்பிக்கும் நம் ஆசிரியர்கள் நாள்தோறும் நோக்கும் சிவனொளிபாத மலைக்கு 1344ஆம் ஆண்டில் யாத்திரை செய்த பிறசமயப் பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

இபுனு பதூதா மொரொக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரிலே, காதிகள் எனப்படும் மார்க்க நீதிபதிகளைத் தந்த குடியில், 1304இற் பிறந்தார். தமது 21ஆம் வயதில் மக்கா யாத்திரையை எண்ணி வீடு துறந்தார். அக்காலத்து முஸ்லிம் அரசுகளில் மார்க்கம் கற்றார்க்கு ஊணும் உறையுளும் உத்தியோகமும் எளிதிற் கிடைத்தன. கல்வியே அவர்க்கு வழிக்கட்டமுதாயிற்று. தில்லியிலும் மாலைதீவிலும் அவர் காதியாக விளங்கினார்.

மாலைதீவினின்று சோழமண்டலக் கரை நோக்கிப் போந்த அவர் கலம் காற்றினால் ஒதுக்கப்பட்டுப் புத்தளத்தை அடைந்தது. அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழி அறிந்தவன். சைவ வேந்தனாகிய அவன், வந்தவர் வேற்றுச் சமயத்தாரென இகழாது, முத்துக்கள் நல்கி உபசரித்தான். பதூதா வேண்டியது பாதமலைத் தரிசனம் ஒன்றே. அரசன் பல்லக்கு அளித்து, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் வழக்கமுடைய யோகியர் நால்வரையும், அந்தணர் மூவரையும், தன் பரிவாரத்தார் 10 பேரையும், உணவு சுமப்போர் 15 பேரையும் உடன் விடுத்தான்.

தேயிலை 1867இலேயே இங்குத் தோட்டப் பயிராயிற்று. அந்நாளில் மலையெங்கும் பெருங்காடே. மரத்தினும் புல்லினும் நின்று பாயும் அட்டைகளையும், அவற்றின்மேற் பிழிதற்கு மக்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்ததையும் அவர் குறித்துள்ளார். உச்சியருகே பாறையிற் பொருத்திய சங்கிலிகளைப் பற்றி ஏறித் திருவடிச் சுவட்டைக் கண்டார். அவர் அதனை ஆதி மனிதராகிய ஆதமின் அடியெனக் கொண்டார். சைவர் சிவபிரான் திருவடியென்பர். பௌத்தர் புத்தர் அடியென்பர். கொள்கை வேறாயினும் ஏறிய வழி ஒன்றே.

பின்னர்த் தேவேந்திரமுனைப் பெருங்கோயிலையுங் கண்டு, மதுரை முதலாய பல இடங்களிற் சஞ்சரித்து, 1349இல் தாய்நாடு மீண்டார். அவர் சொல்லப் பிறரொருவர் எழுதிய யாத்திரை நூல் 1355இல் முற்றுப்பெற்றது. 1368ஐ ஒட்டி அவர் காலமானார்.

அன்று வழிகாட்டிய யோகியர் நால்வரின் யாத்திரையை நாம் அறிவது அவர் நூலினாலன்றோ? அவர்கள் பெயர்தானும் நமக்குக் கிடைத்திலது. சென்ற நூற்றாண்டுகளில் மன்னார்க் கரையினின்று காட்டுவழியே நடந்து இம்மலைகளை அடைந்த நம் மக்களின் வரலாறும் அவ்வாறே மறைதல் தகுமோ? தோட்டத்து முதியோர் கேட்டறிந்தவற்றை மாணாக்கர் கையால் எழுதுவித்தல், நம் ஆசிரியர்கள் தாழாது செய்யத்தக்க பணியாம்.