33 வயதில் இலத்தீன் வாங்கில் அமர்ந்தவர்



சோதனை நெருங்கும் நாட்களில் நம் கோவில்களில் மெழுகுதிரிகள் வழமையை விடக் கூடுதலாக எரிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பிள்ளையின் பெயரில் பூசை ஒப்புக்கொடுப்பதும், நவநாள் தொடங்குவதும், பேனையைச் சுவாமியிடம் கொண்டுபோய் ஆசீர்வதித்து வாங்குவதும் நம் குடும்பங்களில் உள்ள நல்ல பழக்கங்கள். அவற்றைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் செபமும் படிப்பும் ஒரே மணித்தியாலத்தைக் கேட்டால் எதற்குக் கொடுப்பது? பாடகர் குழுப் பயிற்சி, இளைஞர் மன்றக் கூட்டம், திருவிழா ஆயத்தம் என்று பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிறான். கோவில் காரியத்துக்குத்தானே போகிறான் என்று தாய் கண்டிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் வாசலில் நிற்கிறாள்.

இந்தக் கேள்வியோடு பதினொரு ஆண்டுகள் மல்லுக்கட்டிய மாணவர் ஒருவர் நம் திருச்சபையில் இருந்தார். இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியாரே அவர். போர்வீரராக, தவசியாக, சபைத் தலைவராக நீங்கள் அவரை அறிவீர்கள். கொப்பியும் கையுமாக அவர் அலைந்த காலத்தைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

1491 ஆம் ஆண்டில் ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் நாட்டில், லொயோலா மாளிகையில் அவர் பிறந்தார். இளமையில் வாளும் பிரபுக்கள் வீட்டுப் பழக்கவழக்கங்களுமே அவருடைய கல்வி. தாய்மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் பேசுவார், கையெழுத்தும் அழகாக இருக்கும், இலத்தீன் மட்டும் தெரியாது. அந்தக் காலத்தில் இலத்தீன் தெரியாதவருக்கு உயர்ந்த படிப்பு எதுவும் இல்லை. 1521 மே மாதம் பம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை முறித்ததும், படுக்கையில் கிடந்து கிறிஸ்துவின் சரித்திரத்தையும் புனிதர்களின் சரித்திரங்களையும் வாசித்து மனம் திரும்பியதும், மன்ரேசாவில் தவம் செய்ததும் நீங்கள் கேட்ட கதைகளே. 1523 இல் எருசலேமுக்குப் போய் அங்கேயே தங்கிவிட விரும்பினார். புனித தலங்களுக்குப் பொறுப்பாயிருந்த பிரான்சிஸ்கன் சபையார் அதற்கு இடம் கொடுக்கவில்லை. திரும்பி வந்தவர், ஆன்மாக்களுக்கு உதவ வேண்டுமானால் முதலில் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

1524 இல் பார்சலோனா நகரில் அர்தேவோல் என்ற ஆசிரியரிடம் இலத்தீன் இலக்கணம் படிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 33. பக்கத்தில் இருந்தவர்கள் சிறு பையன்கள். நம் ஊரில் ஒருவர் அந்த வயதில் ஆறாம் வகுப்பு வாங்கில் போய் இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று எண்ணிப் பாருங்கள். பிரபு வீட்டுப் பிள்ளை அந்த வெட்கத்தை விழுங்கிக்கொண்டார். அதைவிடப் பெரிய துன்பம் வேறு வழியில் வந்தது.

இலக்கணத்தில் முதலில் பாடமாக்க வேண்டியவை ஏராளம். சொற்களையும் விகுதிகளையும் அப்படியே மனதில் ஏற்ற வேண்டும். அவர் புத்தகத்தைத் திறந்து பாடமாக்கத் தொடங்கியதும் ஞான காரியங்களைப் பற்றிய புதிய தெளிவுகளும் இனிமையான உணர்வுகளும் உள்ளத்தில் வந்து நிறையும். இலத்தீன் பறந்துவிடும். எவ்வளவு முயன்றும் அவற்றை விலக்க முடியவில்லை. வேறொருவராயிருந்தால், கடவுளே பேசும்போது இலக்கணம் எதற்கு என்று புத்தகத்தை மூடியிருப்பார். இஞ்ஞாசியார் அப்படிச் செய்யவில்லை. இவை வரும் நேரத்தைக் கவனித்தார். பூசை காணும்போதோ செபத்தில் முழந்தாளிடும்போதோ இவ்வளவு தெளிவுகள் வருவதில்லை, பாடமாக்கும் நேரத்தில் மாத்திரம் வருகின்றன. ஆகவே இது அருள் அல்ல, அருளின் வேடம் போட்டு வந்த சோதனை என்று கண்டுகொண்டார்.

அதன் பின் அவர் செய்ததைக் கேளுங்கள். ஆசிரியரின் வீட்டுக்கு அருகிலுள்ள சாந்த மரியா தெல் மார் என்னும் மாதா கோவிலுக்கு அவரை அழைத்துப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பார்சலோனாவில் உண்ண அப்பமும் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும் வரை அந்த இரண்டு ஆண்டுகளிலும் ஒரு பாடத்தையும் தவறவிடமாட்டேன் என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார். மற்றப் பையன்களை அடிப்பது போல் தன்னையும் அடித்துத் திருத்தும்படி கேட்டார் என்றும் அவருடைய முதல் சரித்திர ஆசிரியர் எழுதுகிறார். அந்த வாக்குக் கொடுத்த பின் சோதனை அவரை விட்டு நீங்கியது.

பக்தியுள்ள மனதுக்குச் சோம்பல் சோம்பலின் உருவத்தில் வருவதில்லை என்பதை அவர் தம் அனுபவத்திலேயே கண்டார். படிக்க உட்கார்ந்தவுடன் உங்களுக்கு எந்த நல்ல வேலை ஞாபகத்துக்கு வருகிறது என்று நீங்களும் ஒரு கிழமை கவனித்துப் பார்க்கலாம்.

ஆனாலும் இவர் ஒரு படியில் கற்றதை அடுத்த படியில் மறந்தவர்தான். 1526 இல் அல்கலா நகரப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே தருக்க நூல் ஒன்று, புனித ஆல்பெர்ட் எழுதிய இயற்கை நூல், பீற்றர் லொம்பார்டின் இறையியல் நூல் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் படிக்கத் தொடங்கினார். அடித்தளம் இல்லாமல் மூன்று மாடிகளையும் ஒரே நாளில் எழுப்பப் பார்த்தார். இடையிடையே தியானம் கொடுப்பதும், மக்களுக்கு வேதம் படிப்பிப்பதும், ஏழைகளுக்குப் பிச்சை எடுத்துக் கொடுப்பதும் வேறு. படிக்காத ஒருவர் ஞான காரியங்களைப் படிப்பிக்கிறார் என்று திருச்சபை அதிகாரிகள் ஐயுற்று 42 நாள் சிறையில் வைத்தார்கள். சலமான்காவுக்குப் போனார், அங்கேயும் 22 நாள் சிறை. போதனையில் பிழை காணப்படவில்லை. இருந்தும் நான்கு ஆண்டுகள் படித்து முடிக்கும் வரை சில காரியங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று கட்டளையிட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகு அவர் கையில் இருந்தது கொஞ்ச இலத்தீன், அரைகுறைத் தருக்கம். அவர் அதை ஒப்புக்கொண்டார். 1528 பெப்ரவரி 2 ஆம் திகதி பாரீஸ் நகரை அடைந்ததும் மொந்தேகு கல்லூரியில் மறுபடியும் பையன்களோடு இலத்தீன் வாங்கில் அமர்ந்தார். அப்போது வயது 37. பாரீஸில் பாடங்களுக்கு ஒரு கிரமம் இருந்தது. ஒன்றை முடித்துத்தான் அடுத்தது. வீணாய்ப்போன காலத்தை மீட்க அவர் குறுக்கு வழி தேடவில்லை, அந்தக் கிரமத்துக்குத் தம்மைக் கொடுத்தார்.

அடுத்த இடைஞ்சல் பணத்தால் வந்தது. பார்சலோனாவிலிருந்து கிடைத்த உதவிப் பணத்தைத் தம்மோடு தங்கியிருந்த ஸ்பானியர் ஒருவரிடம் நம்பிக் கொடுத்து வைத்தார். அவர் அதைச் செலவழித்துவிட்டார். தவக்காலம் முடியுமுன் கையில் ஒன்றுமில்லை. பிச்சை எடுத்துக்கொண்டு, புனித யாக்கோபு பெயரால் இருந்த ஏழைகள் சத்திரத்தில் தங்கினார். சத்திரம் கல்லூரிக்கு வெகுதூரம். விடிந்த பின்புதான் வெளியே போகலாம். மாலைத் திரிகால மணி அடிக்குமுன் உள்ளே வந்துவிட வேண்டும். வகுப்புகளோ விடியுமுன் தொடங்கும். ஆகவே காலைப் பாடமும் போயிற்று, மாலைப் பாடமும் போயிற்று. மீதி நேரத்தைப் பிச்சை தின்றது.

தூர இடத்திலிருந்து பஸ் ஏறி வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் விளங்கும். அதை விதி என்று அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. யாராவது ஆசிரியருக்கு வேலைக்காரனாக இருந்து படிக்கலாமா என்று பல இடங்களில் கேட்டார். ஒருவரும் சேர்க்கவில்லை. கடைசியில் ஸ்பானியத் துறவி ஒருவர் நல்ல கணக்கொன்று சொல்லிக் கொடுத்தார். நாள்தோறும் பிச்சைக்கு மினக்கெடுவதை விட, ஆண்டில் ஒரு முறை பிளாண்டர்ஸ் நாட்டுக்குப் போய் அங்குள்ள ஸ்பானிய வணிகரிடம் உதவி கேட்டால் இரண்டு மாதம்தான் போகும், மற்றப் பத்து மாதமும் படிப்புக்கு மிஞ்சும். இஞ்ஞாசியார் அப்படியே செய்தார். ஒரு முறை இலண்டன் வரைக்கும் போய்க் கூடுதலான உதவியோடு திரும்பினார். நேரசூசி போடும் நம் பிள்ளைகள் மணிக்கணக்கைத்தான் பார்க்கிறார்கள். அவர் ஓர் ஆண்டு முழுவதையும் பிரித்துப் பார்த்தார்.

இப்படி நேரத்தை எண்ணியவர் கஞ்சன் அல்லர். பணத்தைச் செலவழித்த அதே ஸ்பானியர் ரூவான் நகரில் நோயாய்க் கிடப்பதாகக் கேள்விப்பட்டார். உடனே வெறுங்காலோடு நடந்து மூன்றாம் நாள் அங்கே சேர்ந்து, அவருக்கு ஆறுதல் சொல்லி, ஊருக்குக் கப்பலேற உதவினார். அந்த நாட்களைப் பாடத்தில் இழந்த நேரமாக அவர் எண்ணியதாகத் தெரியவில்லை.

ஒரு தவறும் நடந்தது. 1529 இல் அவர் கொடுத்த தியானத்தால் மூன்று மாணவர் மனம் உருகி, புத்தகங்கள் உட்பட எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டுச் சத்திரத்துக்குப் போய்விட்டார்கள். பல்கலைக்கழகம் கொந்தளித்தது. சக மாணவர்கள் கூட்டமாய் வந்து அவர்களை வலுக்கட்டாயமாய் இழுத்துப் போய், படிப்பை முடித்த பிறகு விரும்பியதைச் செய்யலாம் என்று இணங்க வைத்தார்கள். சாந்த பார்பரா கல்லூரியின் தலைவர் இஞ்ஞாசியார் வந்தால் சவுக்கடி கொடுப்பதாகச் சொன்னார். அந்தத் தலைவர் பக்கமும் நியாயம் இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதே ஆண்டு ஒக்டோபரில் அதே கல்லூரியிலேயே அவர் மெய்யியல் படிக்கச் சேர்ந்தார். அவருடைய அறையில் இருந்தவர்கள் இருவர்: பியர் பேவர், பிரான்சிஸ் சவேரியார். இருவருக்கும் வயது 23, இருவரும் படிப்பில் அவரை விட எவ்வளவோ முன்னால் போனவர்கள். அரிஸ்டாட்டிலின் நூல்களில் விளங்காதவற்றைத் தம்மை விடப் பதினைந்து வயது இளையவரான பேவரிடம் உட்கார்ந்து கேட்டுப் படித்தார். ஆசிரியர் சொன்னதை அன்றன்றே திருப்பிச் சொல்லிப் பார்ப்பது அவர்கள் முறை. பழைய சோதனை இங்கேயும் வந்தது. மறுபடியும் ஆசிரியரிடம் போய் அதே வாக்குக் கொடுத்தார். பேச்சு அரிஸ்டாட்டிலை விட்டு ஆண்டவரிடம் போய்ப் படிப்புக் கெடுவதைக் கண்ட இருவரும், படிக்கும் நேரத்தில் ஞான காரியம் பேசுவதில்லை என்று தமக்குள் உடன்பாடு செய்தார்கள். முன்பு போல் ஒருவரும் தொல்லை கொடுக்கவில்லையே என்று ஒரு கலாநிதி வியந்தபோது, கடவுளைப் பற்றி இப்போது யாரோடும் பேசுவதில்லை, படிப்பு முடிந்ததும் பழையபடி தொடங்குவேன் என்ற கருத்தில் விடை சொன்னார்.

வாசகரே, இதைச் சொன்னவர் ஒரு புனிதர். செபத்தை அவர் விட்டுவிடவில்லை. ஞாயிறுதோறும் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் இருந்தன. படிப்பின் நேரத்துக்குள் அவை நுழைய விடவில்லை, அவ்வளவுதான்.

1533 இல் பட்டத் தேர்வில் தேறினார். 1534 ஆகஸ்ட் 15 இல் மொன்மார்த்தர் குன்றின் சிற்றாலயத்தில் அவரும் பேவரும் சவேரியாரும் வேறு நால்வரும் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு வயிற்று நோவு முற்றி, மருத்துவர் சொற்படி சொந்த ஊர்க் காற்றுக்காகப் பாரீஸை விட்டார். பழைய கடும் தவங்கள் அந்த உடலைக் கெடுத்திருந்தன. 1537 இல் குருவானார், 1540 இல் பாப்பரசர் சபையை அங்கீகரித்தார். பின்னர் சபைச் சட்டங்களை எழுதியபோது, படிக்கும் சகோதரர் நீண்ட செபங்களிலும் தவங்களிலும் நேரத்தைச் செலவிடலாகாது என்றும், உடல்நலம் காக்க வேண்டும் என்றும், மொழி, மெய்யியல், இறையியல் என்ற கிரமத்தை மாற்றலாகாது என்றும் விதித்தார். நாளுக்கு இரு முறை ஆத்தும சோதனை செய்வதை மட்டும் விடக்கூடாது என்றார். பார்சலோனாவும் அல்கலாவும் பாரீஸும் அந்த வரிகளுக்குள் இருக்கின்றன.

அவர் 1556 ஜூலை 31 இல் உரோமையில் இறந்தார். 1622 இல் அவரும் சவேரியாரும் ஒரே நாளில் புனிதராக உயர்த்தப்பட்டனர். பாடம் சொல்லிக் கொடுத்த பேவருக்கு அந்தப் பேறு 2013 இல்தான் கிடைத்தது.

அந்த அறைத் தோழர் சவேரியார் 1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது வயது 36. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, சிலுவை அடையாளம் முதல் விசுவாசப் பிரமாணம் வரை தமிழில் ஆக்குவித்தார். பிறகு பள்ளிப் பிள்ளை போல் அவற்றை வரி வரியாகப் பாடமாக்கி முடித்துக்கொண்டே கையில் மணியோடு தெருவில் இறங்கினார்.